எட்டு மணி நேரக் கணக்கு

பக்கவாத வழக்குகளில் பெரும்பாலும் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: நோயாளி நலமாக இருந்ததைக் கடைசியாக யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள்? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசியை நோய் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாக்கிய நேரம் தெரியாதபோது, கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரத்திலிருந்து எண்ணுவார்கள். கெடு கடந்து போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் அபாயம் உண்டு என்பதால் வைத்த விதி, நல்ல விதிதான். ஆனால் தூக்கத்தில் தாக்கப்பட்டவருக்கு, அவர் தூங்கிய நேரம் முழுவதையும் அது அவருக்கு எதிராகவே எண்ணிவிடுகிறது.

2016இல், கொங்குப் பகுதியில் தையல் தொழில் செய்துவந்த ஒரு அம்மாள் இரவு பத்து மணிக்குப் படுத்து, விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வாசல் தெளிக்க வாளியைத் தூக்க முடியாமல் விழுந்தார். ஆறு மணிக்கெல்லாம் எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. பத்திலிருந்து ஆறு, எட்டு மணி நேரம். ஊசிக்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய வலது கை மீளவில்லை. மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் வழக்கு வந்தபோது மருத்துவமனைக்காக ஆஜரானவன் நான்.

வழக்கின் உயிர் அந்த ஆறு மணி ஸ்கேனில் இருந்தது. ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளைச் செல்கள் நீரை இழுத்து வீங்க, நீரின் இயல்பான அலைவு அடங்குகிறது. எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகையான டிஃப்யூஷன் படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். இன்னொரு வகையான ஃப்ளேர் படம் வெளுக்க வேண்டுமானால் திசுவில் நீர் கூடுதலாகச் சேர வேண்டும், அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். முதலாவது வெளுத்து இரண்டாவது வெளுக்காமல் இருந்தால், பாதிப்பு பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்கு உட்பட்டது. அந்த அம்மாளின் படங்கள் அப்படித்தான் இருந்தன.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் இதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்த ஸ்கேனை நீட்டி, வெண்திட்டு எவ்வளவு வளர்ந்துவிட்டது பாருங்கள் என்றார். மன்றங்களில் பெரிய திட்டுக்கு எப்போதும் ஒரு கவர்ச்சி உண்டு. ஆனால் மூன்றாம் நாளில் இரண்டு படங்களுமே வெளுத்துவிடும். சேதத்தின் அளவை அது சொல்லுமே தவிர, சேதம் தொடங்கிய நேரத்தைச் சொல்லாது. வினாப்பட்டியலில் இதை ஒரே கேள்வியில் தீர்த்தேன்.

பிறகு அவர் நன்றாகப் படித்துக்கொண்டு வந்தார். இந்த இரு படங்களின் முரணைக் கொண்டு நேரத்தைக் கணிக்கலாம் என்று காட்டிய 2011ஆம் ஆண்டு ஆய்வை முதலில் தாக்கல் செய்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2018இல், ‘வேக்-அப்’ ஆய்வின் முடிவு வெளியானது: தூக்கத்தில் தாக்கப்பட்டவர்களைப் போல நேரம் தெரியாதவர்களுக்கு, இந்த முரணை நம்பி ஊசி போட்டால் பலன் உண்டு. அதையும் கூடுதல் ஆவணமாகச் சேர்த்தார்.

என் பதில் இதுதான்: நேரத்தைக் கணிக்கலாம் என்பது வேறு, அந்தக் கணிப்பை நம்பி ஊசி போடலாம் என்பது வேறு, முன்னது 2011இல் தெரியும், பின்னது 2018இல்தான் நிரூபணமானது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், மருத்துவரின் செயலை, சம்பவம் நடந்தபோது இருந்த அறிவைக் கொண்டே அளக்க வேண்டும், விசாரணை நாளின் அறிவைக் கொண்டு அல்ல என்று சொல்லியிருக்கிறது. பின்னால் வந்த ஆய்வை வைத்து முன்னால் நின்றவரைக் குற்றவாளியாக்கினால், இரவுப் பணியில் எந்த மருத்துவரும் நிற்க மாட்டார். இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்தப் படம் உண்மையைச் சொல்லியது என்பதிலும் ஐயமில்லை.

போதாக்குறைக்கு எதிர்த்தரப்புக்கு இன்னொரு தடையும் இருந்தது. ‘வேக்-அப்’ ஆய்வில் நன்றாகத் தேறியவர்கள் ஊசி பெற்றோரில் 53.3 சதவீதம், பெறாதோரில் 41.8. நூற்றில் பதினொரு பேருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வித்தியாசம். ஊசி போட்டிருந்தால் கை பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நிறுவினால்தான் இழப்பீடு. வாய்ப்புக் கொஞ்சம் கூடியிருக்கும் என்றால் சட்டம் கையை விரித்துவிடும். நூற்றில் பதினொரு பங்கு என்பது மருத்துவத்தில் பெரிய விஷயம், மன்றத்தில் தோல்வி.

கைக்கான கோரிக்கை தள்ளுபடியானது. ஆனால் மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. ஸ்கேன் வட்டைக் கொடுக்க மருத்துவமனை மாதக்கணக்கில் இழுத்திருந்தது. அந்தத் தாமதத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகை தரச் சொன்னது மன்றம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு அது காணுமா என்பதே சந்தேகம். என் கட்சிக்காரர்கள் அதற்கும் மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

2019இல் அமெரிக்க வழிகாட்டு நெறிகளிலும், இரு படங்களின் முரணை நம்பி ஊசி போடும் முறை இடம்பெற்றுவிட்டது. இன்று அதே வட்டு என் மேசைக்கு வந்தால், பதிலுரை எழுதும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் சமரசம் பேசச் சொல்வேன். அந்தப் பதினொன்று இன்னமும் எனக்குச் சாதகம்தான். ஆனால் படத்தைப் பார்த்த பிறகும் ஊசி ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள் என்பதற்குக் கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட இல்லாவிட்டால், அந்த எண்ணை நான் சொல்லி முடிக்கும்வரை எந்த மன்றமும் காத்திருக்காது.