கைதட்டல் கேளாத ஆண்டுகள்

ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் நோபல் பரிசு பெறுவோரின் பெயர்கள் அறிவிக்கப்படுகின்றன. நாளேடுகளில் அவர்களின் படங்களைக் கண்டு, "எத்துணைப் பேறு பெற்றவர்கள்!" என வியந்துவிட்டு நம் அலுவல்களுக்குத் திரும்பிவிடுகிறோம். பரிசுக்கு முந்தைய ஆண்டுகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. 1983-ஆம் ஆண்டின் பட்டியல் அதனாலேயே என் உள்ளத்தில் நிலைத்துவிட்டது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் தம் 19-ஆம் வயதில் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கும் விண்மீன் அந்நிலையிலேயே நிலைத்திருக்க வேண்டுமாயின், அதன் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அப்பயணத்திலேயே கணக்கிட்டார். அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் இலண்டன் வானியல் கழகத்தில் இதனை அவர் விளக்கியபோது, புகழ்மிக்க அறிஞர் எடிங்டன் எழுந்து அவையோர் நகைக்குமாறு அதனை மறுத்துரைத்தார். சந்திரசேகர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. தம் ஆய்வை 1939-இல் நூலாக வெளியிட்டுவிட்டு, வேறொரு துறையில் உழைக்கலானார். எடிங்டனோடு கொண்ட நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. எடிங்டனின் பிறந்த நூற்றாண்டான 1982-இல் கேம்பிரிட்ஜில் அவரைப் போற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். வில்லியம் ஃபௌலருடன் பௌதிகப் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது சந்திரசேகருக்கு வயது 73.

மருத்துவப் பரிசைத் தனியொருவராகப் பெற்றவர் அமெரிக்க அம்மையார் பார்பரா மக்கிளிண்டாக். மரபணுக்கள் கோத்த மணிகளைப்போல் இடம் மாறாதவை என்று கருதப்பட்ட காலத்தில், அவற்றுள் சில இடம்பெயர்வதை மக்காச்சோளச் செடிகளில் அவர் கண்டறிந்தார். 1951-இல் அறிஞர் அவையில் அதனை எடுத்துரைத்தபோது ஏற்போர் மிகச் சிலரே. ஆயினும் அவர் ஆண்டுதோறும் சோளம் விதைத்தார், ஆராய்ந்தார், குறித்து வைத்தார். பரிசு வந்தபோது அவருக்கு வயது 81.

இலக்கியப் பரிசு பெற்ற வில்லியம் கோல்டிங் பள்ளி ஆசிரியராயிருந்தவர். அவரது முதல் நாவலைப் பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினர். 1954-இல்தான் அது அச்சேறியது. சமாதானப் பரிசு போலந்து நாட்டின் கப்பல் தளத்தில் மின் தொழிலாளியாயிருந்த லேக் வலேசாவுக்குக் கிடைத்தது. அவர் தலைமை தாங்கிய தொழிற்சங்கம் அப்போது தடை செய்யப்பட்டிருந்தது. வெளிநாடு சென்றால் தாயகம் திரும்ப அரசு இசையாதோ என அஞ்சி, மனைவி தனுதாவையும் மகனையும் ஆஸ்லோவுக்கு அனுப்பிவைத்தார். அப்பதக்கத்தைப் பின்னர் செஸ்டகோவா மாதா திருத்தலத்திற்குக் காணிக்கையாக்கினார்.

பள்ளி ஆண்டு விழாக்களில் பரிசு வழங்கும் பணி எனக்குப் பலமுறை வாய்த்திருக்கிறது. மேடையில் நிற்கும்போது, பெயர் அழைக்கப்படாத பிள்ளைகளின் முகங்களே என் கண்ணில் படும். ஒருமுறை ஒரு தாய், மகனை அருகில் வைத்துக்கொண்டே, "சாமி, இவன் எதற்கும் உதவமாட்டான்" என்றார். அச்சிறுவன் தலையைக் குனிந்துகொண்டான். அச்சொல் அவனுள் எத்தனை ஆண்டுகள் தங்குமோ என்று என் நெஞ்சு நொந்தது.

"பொறுத்திரு, ஒருநாள் உனக்கும் பரிசு வரும்" என்று அத்தகைய பிள்ளையிடம் நான் சொல்லமாட்டேன், அது மெய்யன்று. நோபல் பரிசு மறைந்தோருக்கு வழங்கப்படுவதில்லை. தகுதியிருந்தும் அதைக் காணாமல் கண்மூடியோர் உண்டு. சந்திரசேகரும் மக்கிளிண்டாக் அம்மையாரும் பரிசை நோக்கித் தவம் கிடந்தவர்கள் அல்லர். தம் கையிலிருந்த வேலை மெய்யானது என்று அறிந்திருந்தனர். அதுவே அவர்களுக்குப் போதுமானதாயிற்று. பரிசு வராமற்போயிருந்தாலும் விண்மீனின் கணக்குப் பொய்த்திராது. சோளத்தின் இரகசியமும் மாறியிராது.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் பரிசு பெறாத பிள்ளை ஒன்று இருக்கலாம். சைக்கிளைப் பிரித்துப் பூட்டுகிறவனோ, நோயுற்ற பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறவளோ, யார் கண்டார்? இன்றிரவு குடும்ப செபம் முடிந்தபின் அப்பிள்ளையை அருகில் அமர்த்தி, அது விரும்பிச் செய்யும் வேலையைப் பற்றிக் கேளுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அன்று ஒன்றும் கேட்க வேண்டாம்.