திறந்து பார்க்கும் கைகள்

மலாய் மொழியில் 'லாயாங் லாயாங்' என்றால் பட்டம். ஜொகூர் மாநிலத்தில், ரெங்கத்திற்கும் கூலாய்க்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்துள்ள எங்கள் சிற்றூரின் பெயர் அது. சுற்றிலும் தோட்டங்கள், முன்பு பால்மரங்கள் நிறைந்திருந்தன, இன்று செம்பனை நிறைந்திருக்கின்றது. நடுவே ஒரு கடைத்தெரு, ஒரு புகைவண்டி நிலையம். நான் பிறந்து வளர்ந்தது இவ்வூரை அடுத்த தோட்டமொன்றின் லயத்து வீட்டில். பட்டத்தின் பெயர் கொண்ட ஊரில் பிறந்தவன், பட்டத்தைப் பற்றிய செய்தியொன்றோடு இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தமே எனக் கருதுகின்றேன்.

1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், இன்று கனடாவைச் சேர்ந்ததாயுள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், மார்க்கோனியும் அவர்தம் உதவியாளர்களும் ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டனர். கடுங்காற்றில் ஆடிய அப்பட்டம், ஏறத்தாழ 150 மீட்டர் நீளமுள்ள கம்பியொன்றை வானில் தூக்கிப் பிடித்தது. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட மூன்று சிறு ஒலிகளை அக்கம்பியின் வழியே தாம் கேட்டதாக மார்க்கோனி உலகுக்கு அறிவித்தார். சிறுவர் விளையாடும் பொருளொன்று கடல் கடந்து வந்த செய்திக்குத் துணை நின்றது. விளையாட்டுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையேயுள்ள தொலைவு, ஆசிரியராகிய நாம் எண்ணுகின்ற அளவிற்கு நெடியதன்று.

இச்செய்தியை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில், என் நினைவு உடனே 1980ஆம் ஆண்டிற்குச் சென்றது. அப்போது எனக்கு வயது பதினொன்று. எங்கள் வீட்டில் விலையுயர்ந்த பொருள் என்று ஒன்று இருந்ததென்றால், அது அப்பா தவணை முறையில் வாங்கிய டிரான்சிஸ்டர் வானொலிதான். விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படும் அப்பா, மாலையில் குளித்துவிட்டு வாசற்படியில் அமர்ந்து அதனைத் திருகுவார். மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதியும், நீரிணைக்கு அப்பாலிருந்து சிங்கப்பூர் வானொலியின் தமிழ்ப் பகுதியும் எங்கள் லயத்திற்கு வந்து சேரும். அவ்விரண்டும் இன்று மின்னல் பண்பலை என்றும் ஒலி 968 என்றும் பெயர் பெற்று விளங்குகின்றன. இரவில் குறித்த நேரத்தோடு லயத்தில் விளக்குகள் அணைந்துவிடும். அதற்குப் பின்னரும் இருளில் பேசிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி ஒன்றே.

அதற்குள் என்ன இருக்கின்றது என்னும் ஆவல் என்னை உறங்கவிடவில்லை. ஒருநாள் அப்பா மரம் வெட்டச் சென்றிருந்த வேளையில், அம்மாவின் சிறு கத்தியின் முனையைத் திருப்புளியாக்கி, முதுகுப் பலகையைக் கழற்றினேன். கருநிறக் கோலொன்றின்மீது மயிரினும் மெல்லிய செப்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. வண்ணக் கோடுகளிட்ட சின்னஞ்சிறு உருளைகள் வரிசையாய் நின்றன. மூன்று கால்களையுடைய கருஞ்சிமிழ்கள் ஆறோ ஏழோ இருந்தன. ஒரு நகரத்தை மேலிருந்து காண்பதுபோல் இருந்தது எனக்கு. மீண்டும் மூடியபோது வானொலி ஊமையாகிவிட்டது. கத்தி முனை பட்டு, அம்மெல்லிய கம்பி அறுந்திருந்ததை நான் அறியேன்.

அன்று மாலை அப்பா விசையைத் திருகினார், ஓசையில்லை. மீண்டும் திருகினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அடி விழும் என்றே நின்றிருந்தேன். நெடுநேரம் சென்று அவர் கேட்ட கேள்வி இது: "உள்ள என்னடா பாத்த?"

கண்டதையெல்லாம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். சம்பளம் வந்ததும், வானொலியைத் துணியில் சுற்றி, என்னையும் மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்றார். அங்கே பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் ஆவலோடு கையை நீட்டியபோது, மலாய் மொழியில், 'முதலில் பார். பிறகு தொடு' என்றார். அறுந்த நுனியைக் கண்டறிந்து, சூடேறிய கோலால் ஒரு துளி ஈயத்தை வைத்தார், வானொலி பேசியது. வானில் வரும் அலையைக் கருங்கோல் பற்றிக்கொள்கின்றது என்றும், அதன் மெல்லிய ஆற்றலை மூன்று கால் சிமிழ்கள் பெருக்கித் தருகின்றன என்றும் அவர் விளக்கினார். அச்சிமிழ்தான் டிரான்சிஸ்டர் என்பதும், 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அது பிறந்தது என்பதும், அதற்காக ஷாக்லி, பார்டீன், பிராட்டைன் ஆகிய மூவர் 1956ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர் என்பதும் நான் பின்னாளில் படித்தவை. பள்ளி விடுமுறை நாள்களில் அப்பெரியவரின் மேசையருகே நின்று பார்ப்பதே என் பொழுதுபோக்காயிற்று.

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் இழிவாகக் கருதிவிடுகின்றோம். ஆயின், வானொலியை இம்மண்ணில் வேரூன்றச் செய்தவர்களுள் பொழுதுபோக்காளர்களுக்கே முதலிடம் தரவேண்டும். 1921ஆம் ஆண்டில், ஜொகூர் அரசாங்கத்தின் மின்பொறியாளராயிருந்த ஏ. எல். பர்ச் என்பார் மலாயாவுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொணர்ந்தார். ஆர்வலர்களைச் சேர்த்து ஜொகூரில் கம்பியில்லா ஒலிபரப்புச் சங்கமொன்றை நிறுவி, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பும் செய்தார். மலாயா வானொலி முறைப்படி தோன்றியதோ 1946இல்தான். நம் மாநிலத்தின் ஆர்வலர் சிலர் கால் நூற்றாண்டு முந்திக்கொண்டனர் என்பது நாம் பெருமையோடு மாணவர்க்குச் சொல்லவேண்டிய செய்தியாகும்.

தமிழகத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1924ஆம் ஆண்டு மே மாதத்தில், சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலி மன்றம் தோன்றியது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பு தொடங்கியது. பணமில்லாமையால் 1927இல் அது நின்றுபோயிற்று. ஆயினும் மன்றத்தார் தம் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சிக்கு வழங்கினர். 1930இல் மாநகராட்சி அதனைக்கொண்டு மீண்டும் ஒலிபரப்பைத் தொடங்கியது. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல்தான் வந்தது. கோவை ஜி. டி. நாயுடுவை நம் மாணவர் அறிவர். ஆங்கிலேயர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், உணவு விடுதியில் வேலைசெய்து பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். பிற்காலத்து நாயுடுவின் புகழுக்கெல்லாம் தொடக்கம் அந்தக் கழற்றலே எனலாம்.

இவற்றையெல்லாம் அறிந்த நான், ஆசிரியனாகிய பின்பு செய்த செயலை இனிக் கூறவேண்டும். கூறுவதற்கு நாணமாகத்தான் இருக்கின்றது.

1997ஆம் ஆண்டு. ஆறாம் ஆண்டு மாணவர்களை யூபிஎஸ்ஆர் தேர்வுக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். 2021இல் நிறுத்தப்பட்ட அத்தேர்வு, அக்காலத்தில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் அனைவரையும் ஆட்டிப் படைத்தது. கருத்துணர்தல் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து 'கிர்ர்' என்றோர் ஓசை எழுந்தது. வகுப்பே சிரித்தது. சென்று பார்த்தேன். ஒரு மரத்துண்டின்மேல் பெரிய ஆணியொன்று. அதன்மேல் சுற்றிய செப்புக் கம்பி. மைலோ டின்னிலிருந்து வெட்டிய தகடு. தாய் மரம் வெட்டச் செல்லும்போது நெற்றியில் கட்டும் விளக்கிலிருந்து கழித்த மின்கலங்கள் இரண்டு. அவற்றை வெயிலில் காயவைத்து அச்சிறுவன் மீண்டும் உயிர்ப்பித்திருந்தான்.

அதனைப் பிடுங்கினேன். அவன் எழுந்து நின்று, "ஐயா, அது தானா நிக்குது, தானா அடிக்குது" என்றான்.

"தேர்வுக்கு இது வருமா?" என்று கேட்டேன். அவன் உட்கார்ந்தான். திரும்பக் கேட்க அவன் வரவேயில்லை. நானும் கொடுக்கவில்லை. மேசை அறையில் கிடந்த அம்மணி, நான் பள்ளி மாறியபோது பிற பொருள்களோடு ஒரு பெட்டிக்குள் போய்விட்டது.

2016ஆம் ஆண்டில் வீடு மாறும்போது அப்பெட்டியைத் திறந்தேன். மின்கலங்கள் கசிந்து உப்புப் பூத்திருந்தன, தகடு துருவேறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புதிய மின்கலங்களை இணைத்தேன். மணி அடித்தது. அப்போதுதான் அதனை முதன்முறையாகப் பார்த்தேன். மின்சாரம் பாயும்போது ஆணி காந்தமாகின்றது; தகட்டை இழுக்கின்றது. இழுபட்ட தகடு தொடுமுனையை விட்டு விலகுவதால் மின்சாரம் அறுபடுகின்றது. ஆணி காந்தத்தன்மையை இழக்கின்றது. தகடு துள்ளித் தன் இடத்திற்கு மீள்கின்றது. மின்சாரம் மீண்டும் பாய்கின்றது. தானே நின்று, தானே அடிக்கின்றது! பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர் அச்சிறுவன் ஐந்து சொற்களில் கூறியது அக்கருவியின் முழு இயக்கத்தையும்தான். நான்தான் கேட்கவில்லை.

விசாரித்துக்கொண்டு அவனிருந்த இடத்திற்குச் சென்றேன். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநராயிருந்தான். உழைத்து உண்கின்றான், பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றான். அந்த மணி அவனிடமே இருந்திருந்தால் அவன் வாழ்க்கை வேறாகியிருக்கும் என்று கூற எனக்கு உரிமையில்லை. மணியைக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரல் நகத்தால் தகட்டைச் சற்றே வளைத்தான். ஓசை சீராயிற்று. "அன்னைக்கு இதத்தான் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன் ஐயா" என்றான். பின்னர், "பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டும்" என்று என்னிடமே தந்துவிட்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினான்.

'ஹேக்கர்' என்னும் சொல்லை இன்று செய்தித்தாள்களில், கணினிக்குள் புகுந்து திருடுபவன் என்னும் பொருளிலேயே காண்கின்றோம். அச்சொல் இன்றைய பொருளை நோக்கி வளர்ந்த இடமோ ஒரு விளையாட்டுப் புகைவண்டிச் சங்கமாகும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மாணவர் சிலர் பெரிய மேசையொன்றின்மேல் சிறு புகைவண்டிகளை ஓடவிட்டனர். மேசையின் மேலே மலையும் ஊரும். கீழே எண்ணற்ற கம்பிகளும் தொலைபேசி ரிலேக்களும். ரிலே என்பது சுருளும் இரும்பும் தகடும் சேர்ந்ததே. என் மாணவனின் மணிக்கு உடன்பிறப்பு. 1950களின் இறுதியில், நுட்பமும் குறும்பும் கலந்த செயலைச் செய்தவனையே அவர்கள் ஹேக்கர் என்றனர். அச்சங்கத்தாருள் சிலர் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து கணினியின்முன் சென்று அமர்ந்தனர். இருப்புப்பாதை ஓரத்துப் பள்ளியில் பணியாற்றிய எனக்கு, இதனைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. அந்த மேசைக்கடியில் இருந்தது என் வகுப்பின் கடைசி வரிசையிலும் இருந்தது.

இன்று என் பள்ளியில், புதன்கிழமைப் புறப்பாட நேரத்தில் ஒரு மேசை போடப்படுகின்றது. பழைய வானொலி, கடிகாரம், பொம்மை வண்டி முதலியவற்றை மாணவர் கொண்டு வருகின்றனர். விதிகள் இரண்டே. வீட்டு மின்னிணைப்பில் இயங்கும் எதனையும் திறக்கலாகாது. மின்கலத்தில் இயங்குபவை மட்டுமே மேசைக்கு வரலாம். திறந்தவர், கண்டது, எண்ணியது, செய்தது என மூன்று பிரிவாகத் தமிழில் எழுதித் தரவேண்டும். மின்தேக்கி, மின்தடை, சுருள், தொடுமுனை ஆகிய சொற்கள் கையில் பிடித்த பொருளோடு சேர்ந்து அவர்கள் நாவில் ஏறுகின்றன. 'நான் ஒரு வானொலி' என்று தன்கதை எழுதச் சொல்கின்றோம். வானொலியின் வயிற்றைப் பார்த்தறியாத பிள்ளை எதனை எழுதுவான்? பார்த்த பிள்ளையின் கட்டுரையை நான் திருத்த வேண்டியிருப்பது எழுத்துப்பிழைகளை மட்டுமே.

சில பொருள்கள் மீண்டும் இயங்குவதில்லை. பெற்றோர் சிலர் வருத்தப்பட்டதும் உண்டு. அவர்களுக்கு நான் என் அப்பாவைப் பற்றிக் கூறுகின்றேன். பள்ளிப் படிப்பை முடிக்காத பால்மரத் தொழிலாளி அவர். பயிற்சிக் கல்லூரியின் வாசலையும் மிதித்தவரல்லர். கல்வியுளவியல் படித்துச் சான்றிதழ் பெற்ற நான் 1997இல் கேட்கத் தவறிய கேள்வியை, அவர் 1980இலேயே வாசற்படியில் அமர்ந்து கேட்டார்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பின் கடைசி வரிசையிலும் ஓசை எழும். கை பிடுங்குவதற்கு நீளுமுன், அக்கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: உள்ளே என்ன பார்த்தாய்?