விழுந்துச்சாம்

என் அக்காளின் மகனுக்கு 8 வயது. மூன்றாண்டுகளுக்கு முன் பங்காரப்பேட்டைச் சாலையில் நேர்ந்த பைக் விபத்தில் அக்காள் இறந்தாள். உடன் சென்ற அவன் பிழைத்தான். அவனுடைய தந்தை, மைசூர் மைன்ஸில் பலரையும்போல, விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின் இவ்வூர்த் தந்தையர் பலர் ஞாயிற்றுக்கிழமைத் தந்தையராகிவிட்டனர். பையனை வளர்ப்பவர்கள் அவன் பாட்டியும் சித்தியாகிய நானும்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு அவனுக்கு உண்டு. விபத்து விட்டுச்சென்ற உளக்காயமும் உண்டு. பள்ளி இதைச் சேட்டை என்றது. என் அம்மா பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். இரு சொற்களும் பாதி சரி. உறக்கமின்மை, படபடப்பு, பாடத்தில் மனம் ஒட்டாமை ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு, ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் தோன்றியிருக்கவேண்டிய வயதின் வரம்பை 2013இல் 7இலிருந்து 12ஆக உயர்த்தியது. விபத்தின்போது இவனுக்கு 5 வயது. எந்த வரம்பும் எங்களுக்கு வழி காட்டவில்லை. விபத்துக்கு முன் எப்படி இருந்தான் என்றே நிம்ஹான்ஸ் மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பால்வாடியில் 3 வயதிலேயே சோற்றுத்தட்டுடன் வாசலுக்கு ஓடியவன் என்ற அம்மாவின் நினைவுதான் அங்கே சான்றாயிற்று.

பெயர் தெரிந்தபின்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது. ஒன்றுக்கு மருந்தாகும் வளர்ப்புமுறை மற்றதற்குக் காயமாகிறது. கவனம் சிதறினால் தோளைத் தொட்டு அழையுங்கள் என்கின்றன ஏ.டி.எச்.டி. கையேடுகள், பின்னாலிருந்து தொட்டால் இவன் அலறுகிறான். அடம்பிடித்தால் சிறிது நேரம் தனியே அமர்த்துங்கள் என்கின்றன. தனிமைதான் இவனுடைய அச்சமே. ஆகவே முன்னால் சென்று, குந்தி அமர்ந்து, பெயரைச் சொல்லுகிறோம். தனியே அமர்த்துவதில்லை, பக்கத்தில் அமர்ந்துகொள்கிறோம். மணியடிக்கும் கடிகாரத்துக்குப் பதில் மணற்கடிகாரம் வந்தது. ஆனால் கால அட்டவணையைத் தளர்த்தவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது இரண்டு கோளாறுகளுக்குமே நல்லது.

எழுந்து ஓடும்போது அது துறுதுறுப்பா, அச்சமா? இதைக் கண்டுபிடித்தவர் அம்மா. துறுதுறுப்பில் அவன் கண் பொருள்களின்மேல் தாவும். அச்சத்தில் கதவையே பார்க்கும். கீழே பாறை வெடித்து நிலம் அதிர்ந்தால் சுரங்க வாயிலுக்கு ஓடி, என் தந்தை மேலே வருவாரா என்று காத்து நின்ற தலைமுறை அவருடையது. கதவைப் பார்க்கும் கண்ணை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெயரிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கப்போகும் பெற்றோர் இதை அறிந்தே செல்லவேண்டும்.

மொழியியல் படித்தவள் என்பதால் நான் கவனித்தது ஒன்று உண்டு. அவன் கதை சொன்னால் பாதியில் தாவுவான். ஆனால் எல்லாவற்றையும் ‘நான் பார்த்தேன், நான் போனேன்’ என்றே சொல்வான். விபத்தை மட்டும் ‘வண்டி விழுந்துச்சாம், அந்தப் பையன் கத்துனானாம்’ என்பான். பிறர் சொல்லக் கேட்டதற்கு நாம் இடும் ‘ஆம்’ அது. தான் அங்கே இல்லை என்பதை ஓர் ஒட்டைக்கொண்டு நிறுவியிருந்தான். அதைத் திருத்த வேண்டாம் என்று அவனுடைய உளவியல் ஆலோசகர் சொன்னார். இதை நான் ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதவில்லை. அவன் என் தரவு அல்லன்.

சென்ற மாதம் வீட்டுப்பாடத்தின் நடுவே, தலை நிமிராமல், “சித்தி, வண்டி விழுந்தப்போ நான் கத்துனேன். அம்மா கத்தல” என்றான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனருகே அமர்ந்திருந்தேன். மணல் தீர்ந்தது. அவனே அதைத் திருப்பி வைத்து, மீதிக் கணக்கை நாளை போடலாமா என்று கேட்டான். போடலாம் என்றேன்.