தம்பி பால்வாடிக்குப் போனா அக்கா பள்ளிக்கூடம் போவா

திண்டுக்கல்லுல இருந்து கரூர் ரோட்டுல வந்தா எங்க தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா இந்தப் பதிவு கோயிலைப் பத்தி இல்லீங்க. நூல் மில்லு வேலைக்கு வந்திருக்கற வடமாநிலக் குடும்பங்களோட பிள்ளைங்களைப் பத்தி.

எங்க தெருவுல ஒரு பீகார் குடும்பம். அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் மில்லுல ஷிப்ட். மூத்தவளுக்கு 7 வயசு, தம்பிக்கு 3. அவ பேரு பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல இருக்கு, ஆளு வீட்டு வாசல்ல இருப்பா. "ஏம்மா போகல?"ன்னு கேட்டா, "தம்பி பாக்கணும் அண்ணா. ஸ்கூல் நாளைக்கு"ம்பா. அந்த 'நாளைக்கு' வாரக்கணக்குல வராது.

"இதுகளுக்குத் தமிழ் ஏறாது"ன்னு நம்மாளுங்க ஈசியா சொல்லிடறாங்க. 2006-ல போட்ட சட்டப்படி பள்ளிக்கூடத்துல தமிழ் கட்டாயம், அது சரிதான். ஆனா நம்ம பிள்ளைங்க தமிழ் பேசப் பழகிட்டுத்தான் 'அ'னாவுக்கு வருது. இதுகளுக்குப் பேச்சும் எழுத்தும் ஒரே நாள்ல ஆரம்பிக்குது.

2012 பிசா தேர்வுல, ஒரு வருஷத்துக்கு மேல பாலர் பள்ளி போயிருந்த பிள்ளைங்க 15 வயசுல கணக்குல நல்லாவே முன்னாடி இருந்தாங்க. குடும்ப வசதியைக் கழிச்சுப் பாத்தாலும் வித்தியாசம் இருந்துச்சு. குடியேறின குடும்பத்துப் பிள்ளைங்கதான் பல நாடுகள்ல அங்க குறைவாப் போறது. என்ன கொடுமை பாருங்க!

போன ஜூன்ல தெருக்காரங்க பேசி, தம்பியைப் பால்வாடில சேர்த்தோம். (போர்டுல அங்கன்வாடி, 1975-ல ஆரம்பிச்ச திட்டம்.) இப்ப அவன் "ஆயாம்மா முட்டை குடுத்துச்சு"ன்னு சுத்தமான திண்டுக்கல் தமிழ்ல பேசறான் :-) அக்காவும் காலைல பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடறா. ஒரு சீட்டு, ரெண்டு பிள்ளைக்குப் படிப்பு.

ஆனா பால்வாடி சாயங்காலத்துக்குள்ள மூடிடும், மில்லு மூடாது. தம்பியைக் கூட்டிட்டு வர அவதான் பாதி வகுப்புல எந்திரிச்சு வரணும்.

50 பெண்களுக்கு மேல வேலை பாத்தா தொழிற்சாலைல குழந்தைக் காப்பகம் வேணும்னு 1948 சட்டத்துலயே எழுதியிருந்தாங்க. 1969-ல மீரா மகாதேவன் டெல்லில கட்டட வேலை நடக்கற இடத்துலயே மொபைல் க்ரெஷ் ஆரம்பிச்சாங்க. அம்மா வேலை முடியற வரைக்கும் குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணும், அவ்வளவுதான். 7 வயசுப் பிள்ளையா அந்த ஆள்? நீங்களே சொல்லுங்க.