அளவு என் முகத்தில் இல்லை

2013 செப்டம்பரில் என் மச்சாள்மார் யூனிவர்சிட்டிக்குப் பெட்டி கட்டினார்கள். நானும் கட்டினேன். அவர்களுடைய பெட்டியில் புதுப் போர்வையும் ரைஸ் குக்கரும் போயின. என்னுடையதில் அவற்றோடு இரும்பு மூக்கு வைத்த சப்பாத்து ஒரு சோடியும் போனது. அவர்கள் வருடத்துக்கு 9,000 பவுண் கட்டணத்தைக் கடனாக வாங்கிப் படிக்கப் போனார்கள். எனக்கு மாதம் முடியச் சம்பளம் வரும். ஆனாலும் ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் தெரிந்தவர்கள் யாராவது எதிர்ப்பட்டு என்னைப் பற்றி விசாரித்தால், அம்மா கதையை மரக்கறி விலைக்குத் திருப்பிவிடுவார்.

போர்ட்ஸ்மவுத்தில், கடற்படைக் கப்பல்களில் வேலைசெய்யும் ஒரு நிறுவனத்தில், பொறியியல் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். ஏ லெவலில் கோட்டைவிட்ட பிள்ளைதான் அப்ரண்டிஸாகப் போகும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. நான் கோட்டைவிடவில்லை. கணக்கும் பௌதிகமும் நன்றாகவே வந்தன. வகுப்பறை அலுத்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு பிள்ளை படிப்பில் தோற்றால் எங்கள் சனத்துக்கு விளங்கும். அலுத்துவிட்டது என்றால் விளங்காது.

வேலைக் கடிதத்தோடு பாதுகாப்புச் சோதனைப் படிவமும் வந்தது. கடந்த 5 வருடம் எங்கே இருந்தாய், அம்மா அப்பா எந்த ஊரில் எந்தத் தேதியில் பிறந்தார்கள், எந்த நாட்டுக் குடிமக்கள் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. அப்பா தொண்ணூறுகளில் அகதியாக வந்து குரொய்டன் லூனர் ஹவுஸ் வரிசையில் நின்றவர். படிவம் என்றாலே அவருக்கு முகம் மாறிவிடும். பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு, "கேட்டதுக்கு மட்டும் எழுது பிள்ளை. மேலதிகமா ஒரு சொல்லும் வேண்டாம். அவங்கள் என்ன எதிர்பாக்கிறாங்கள் எண்டு யோசிச்சு எழுது" என்றார். பொய் எழுதச் சொல்லவில்லை. அந்த எச்சரிக்கையோடு இருந்துதான் அவர் இந்த நாட்டில் நிலைத்தார். சனிக்கிழமை ரியூசனிலும் கிட்டத்தட்ட இதே பாடம்தான்: தெரியாவிட்டாலும் வெற்றிடம் விடாதே, எதையாவது எழுதிவிட்டு வா, ஒரு மார்க்காவது விழும்.

இந்த இரண்டு பாடங்களோடும்தான் நான் பட்டறைக்குள் போனேன்.

முதல் வருடம் கப்பலைத் தொடவே விடவில்லை. எஃகுக் கட்டி ஒன்றை வைஸில் இறுக்கி, நாள் முழுக்க அரத்தால் அராவ வேண்டும். கை வேலை என்று நினைத்தேன். உண்மையில் கால் சரியாக நிற்க வேண்டும். உடம்பு ஊஞ்சலாடினால் அரமும் ஆடும். கட்டியின் நடு உப்பி இரண்டு ஓரமும் சரிந்துவிடும். முன்னே தள்ளும்போது அழுத்த வேண்டும், பின்னே இழுக்கும்போது அழுத்தக் கூடாது. தட்டையாக வந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த கட்டியைப் பயிற்றுநர் வாங்கி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி இருந்தாலும் அங்கே ஒரு வெளிச்சக் கீற்று தெரியும். அவர் ஒன்றும் பேசாமல் கட்டியைத் திருப்பித் தருவார். நாங்களும் ஒன்றும் பேசாமல் வைஸுக்குத் திரும்புவோம்.

ஒருநாள் மைக்ரோமீட்டரை என் கையில் தந்து, "வாசி" என்றார். வரைபடத்தின்படி 25.00 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கருவியைத் திருகினேன், கோடுகளைப் பார்த்தேன். வாய் திறக்குமுன் என் கண் தானாக அவர் முகத்துக்குப் போனது. பன்னிரண்டு வருடப் பள்ளிப் பழக்கம் அது. ஆசிரியரின் புருவத்தைப் பார்த்தே சரியான விடையைக் கண்டுபிடித்துவிடுவேன். "இருபத்தைந்து?" என்று இழுத்தேன்.

"அளவு என் முகத்தில் இல்லை" என்றார்.

கருவியில் இருந்தது 25.14. அவர் கோபிக்கவில்லை. அந்த 25.14ஐத் தாளில் எழுதவைத்தார். கூடுதலாக இருந்தால் அராவிக் குறைக்கலாம், அதில் ஒரு வெட்கமும் இல்லை என்றார். 25.00 என்று எழுதிவிட்டுப் போனால்தான், அதை நம்பி அடுத்த பாகத்தைச் செய்பவன் மாட்டிக்கொள்வான்.

தீட்டிஸ் நீர்மூழ்கியின் கதையைக் கேட்டதும் அந்தப் பட்டறையில்தான். பேர்க்கன்ஹெட்டில் கட்டிய புதிய கப்பல் அது. 1939 ஜூன் 1ஆம் தேதி லிவர்பூல் குடாவில் பரீட்சார்த்த ஓட்டத்துக்குப் போனது. உள்ளே 103 பேர். கடற்படையினரோடு அதைக் கட்டிய யார்ட் ஆட்களும் இருந்தார்கள். டோர்பிடோக் குழாய்க்குள் கடல்நீர் நிற்கிறதா என்று பார்க்க, அதன் பின்கதவில் ஒரு சிறு சோதனைத் திறப்பு உண்டு. திறந்து பார்த்து, நீர் வந்தால் கதவில் கை வைக்கக் கூடாது. 5ஆம் இலக்கக் குழாயில் திறந்தார்கள், நீர் வரவில்லை. கதவைத் திறந்தார்கள், கடலே உள்ளே வந்தது. குழாயின் வெளிவாய் கடலுக்குத் திறந்தே கிடந்திருக்கிறது. சோதனைத் துளையை உட்பக்கத்தில் எனாமல் பூச்சு அடைத்திருக்கிறது. கதவுக்குப் பூச்சு அடித்தபோது துளைக்குள் போய் உறைந்த ஒரு துளி. அடைப்பைக் குத்திப் பார்க்க ஒரு சிறு கம்பியும் இருந்தது, அது பயன்படவில்லை. 99 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் 4 பேர்.

கதையை முடித்துவிட்டுப் பயிற்றுநர் எங்களிடம் கேட்டார்: "நீர் வரவில்லை என்றால் என்ன பொருள்?" குழாய் காலி என்றோம். "இல்லை. நீர் வரவில்லை என்று மட்டும்தான் பொருள்."

கப்பலில் வேலை தொடங்கியபோது கையில் கிடைத்த சரிபார்ப்புத் தாள்களில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பெயர், கையெழுத்து, தேதி. செய்யாத வேலையின் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். எட்டிப் பார்க்க முடியாத வால்வு என்றால், பார்க்க முடியவில்லை என்றே எழுத வேண்டும். முதல் முறை ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தபோது, பரீட்சை மண்டபத்தில் பாதி விடைத்தாளோடு எழுந்து வந்ததுபோல நெஞ்சு படபடத்தது. மேற்பார்வையாளர் அந்த வெற்றிடத்தைப் பார்த்து, ஏணியை எடுத்துக்கொண்டு தானே போனார். அவ்வளவுதான் நடந்தது.

வெள்ளி மாலை லண்டன், ஞாயிறு இரவு வாட்டர்லூவிலிருந்து திரும்பவும் ரயில். போர்ட்ஸ்மவுத் ஹார்பர் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே வாரியர் என்ற பழைய போர்க்கப்பல் நிற்கும். 114 மில்லிமீட்டர் இரும்புக் கவசம், அதற்குப் பின்னால் தேக்கு. ஒரு ஓய்வுநாளில் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் அது எங்கள் ஊர்க் கப்பல் என்று தெரிந்தது. கானிங் டவுன் பக்கம், போ கிரீக் ஓடை தேம்ஸில் சேரும் இடத்தில், தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் கட்டியது. 1860 டிசம்பர் 29ஆம் தேதி நீரில் இறக்கியபோது, கடுங்குளிரில் அது கட்டுமேடையோடு உறைந்து நகர மறுத்ததாம். தம்பி வெஸ்ட்ஹாம் பைத்தியம். அவன் சேர்ட்டில் இருக்கும் இரண்டு சுத்தியல்களும் தறையாணி அடித்த தொழிலாளரின் சுத்தியல்கள், அந்த அணியே 1895இல் இந்த யார்ட் ஆட்கள் தொடங்கிய கழகத்திலிருந்து வந்தது என்று சொன்னேன். அவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த யார்ட் 1912இல் மூடப்பட்டது என்பது மட்டும் தெரியாது. நிலக்கரியும் இரும்பும் கிட்ட இருந்த வடக்கு யார்டுகளின் விலைக்கு லண்டனால் கட்ட முடியவில்லை. 1911இல் நீரில் இறங்கிய தண்டரர்தான் தேம்ஸ் கட்டிய கடைசிப் பெரிய போர்க்கப்பல்.

யார்ட் மூடுவது பழங்கதை என்று நான் நினைத்திருந்த நேரத்தில், 2013 நவம்பரில், போர்ட்ஸ்மவுத்திலும் கப்பல் கட்டுவது நிற்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. 1495இலேயே உலர்துறை கட்டிய ஊர். 900க்கும் மேற்பட்ட வேலைகள் போகும் என்றார்கள். அன்று இரவே அம்மாவின் போன்: "கப்பல் கட்டுறதை நிப்பாட்டப் போறாங்களாம். வாற வருசத்துக்குக் கம்பஸுக்குப் போடுவமோ?" எனக்கும் அந்த வாரம் நித்திரை இல்லை. கட்டும் வேலை கிளாஸ்கோவுக்குப் போனது. பராமரிப்பு வேலை இங்கே நின்றது, அதோடு நாங்களும் நின்றோம்.

அந்தக் குளிர்காலத்தில் ஹரோவில் ஒரு கலியாணம். வல்வெட்டித்துறை மாமா ஒருவர் சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் பிடித்து வைத்துக்கொண்டு, "எங்கட ஊரில கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938இல அமெரிக்காவுக்கே போய்ச் சேந்தது, தெரியுமோ?" என்றார். அங்குள்ள குளொஸ்டர் துறைமுகத்தைக் கண்ணால் கண்டவர்போலக் கதை சொன்னார். நானும் வாய் பிளந்து கேட்டேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை இப்ப எங்க?"

"போர்ட்ஸ்மவுத்தில, மாமா."

"போர்ட்ஸ்மவுத் யூனிவர்சிட்டியோ? எஞ்சினியரிங்?"

தலையாட்டினேன். பட்டறையில் 25.14ஐ 25.14 என்று சொல்லப் பழகியிருந்தேன். கலியாண மண்டபத்தில் முடியவில்லை. அம்மா எதிர்மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நிம்மதி. அந்தத் தலையாட்டல் பல கலியாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் நீண்டது. மச்சாள்மார் பட்டமளிப்புப் படம் போட்டபோது, உனக்கு எப்போது என்று கேட்டவர்களுக்கு, இன்னும் இருக்கிறது என்றேன். அது முழுப்பொய்யும் இல்லை. வாரத்தில் ஒருநாள் கல்லூரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் அதே மாமாவிடம்தான் உள்ளதைச் சொன்னேன். யூனிவர்சிட்டி இல்லை மாமா, அப்ரண்டிஸ், கடற்படைக் கப்பலில் ஃபிட்டர் வேலை என்றேன். அவர் வாயிலிருந்த வடையை மென்று முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சம்பளம் எவ்வளவு?" சொன்னேன். அடுத்த வாரம் அவருடைய தங்கச்சி மகன் எனக்குப் போன் எடுத்தான், எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டு. அம்மா இன்றைக்கும் "மகள் நேவியில எஞ்சினியர்" என்றுதான் சொல்கிறார். திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

இப்போது அதே சரிபார்ப்புத் தாள்களில் மற்றவர்களின் வேலையைப் பார்த்துக் கையெழுத்திடும் இடத்தில் இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் சிலர் அப்ரண்டிஸாக வருகிறார்கள். எல்லாக் கட்டங்களும் நிரம்பிய தாளை அவர்கள் நீட்டும்போது, அதில் எவை உண்மையில் பார்க்கப்பட்டவை என்று நான் கேட்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

லண்டனில் 12ஆம், 13ஆம் ஆண்டுப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்குச் சில விஷயங்கள். அப்ரண்டிஸ் என்றால் படிப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். 1843இலேயே பிரிட்டிஷ் கடற்படை யார்டுகளில் அப்ரண்டிஸ்களுக்கெனப் பள்ளிகள் தொடங்கிவிட்டன, அங்கே முன்னுக்கு வந்தவர்கள் கப்பல் வடிவமைப்பாளர்கள் ஆனார்கள். 2015 முதல் பட்டத்தோடு கூடிய அப்ரண்டிஸ்ஷிப்பும் உண்டு, கட்டணம் பிள்ளை கட்டத் தேவையில்லை. கடற்படை வேலைகள் பலவற்றுக்குக் குடியுரிமை நிபந்தனை இருக்கும், அதை முதலில் வாசியுங்கள். பாதுகாப்புப் படிவத்தைக் கண்டு பயப்படாதீர்கள், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். என் அப்பா அகதியாக வந்தவர் என்பது என் அனுமதிக்குத் தடையாக இருக்கவில்லை. ஆகஸ்டில் ஏ லெவல் முடிவு வந்தபிறகு தேடினால் பெரும்பாலான இடங்கள் நிரம்பியிருக்கும். அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே தேடத் தொடங்குங்கள்.