‘அவர்’ யாருக்கு?

ஆணும் அல்லாத, பெண்ணும் அல்லாத ஒரு மனிதரைக் கதையிலே படைத்துவிட்டால், அந்த மனிதர் வந்தானா, வந்தாளா, வந்ததா? இலக்கண ஆசிரியர்கள் பொழுதுபோக்காகப் பேச வேண்டிய சில்லறைச் சிக்கல் என்று தோழர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஒரு மொழி எவரை மதிக்கிறது, எவரை மிதிக்கிறது என்பதை விகுதி ஒன்றே காட்டிக் கொடுத்துவிடும்.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின், 1969-இல், ‘இருளின் இடக்கை’ என்று பொருள்படும் தலைப்பிலே ஒரு புதினம் எழுதினார். கெத்தென் என்னும் பனிபடர்ந்த கோளில் நடக்கும் கதை. அங்கு வாழும் மக்களுக்கு மாதத்தின் பெரும்பகுதியில் ஆண், பெண் என்ற பிரிவே கிடையாது. சில நாட்கள் மட்டும் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார். எதுவாக மாறுவார் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஒரு பிள்ளைக்குத் தாயானவர், இன்னொரு பிள்ளைக்குத் தந்தையாகலாம். எண்ணிப் பாருங்கள்! ‘நீ பெண், ஆகவே அடுப்பங்கரைக்குப் போ’ என்று சொல்ல அங்கே எவருக்கும் வாய் எழாது.

இவ்வளவு துணிந்து கற்பனை செய்தவர், அம்மக்களை ஆங்கிலத்தின் ஆண்பாற் சொல்லாலேயே குறித்தார். விளைவு? மன்னரும் அமைச்சரும் படிப்பவர் மனத்திலே ஆடவராகவே நிலைத்தனர். குறை கூறியோருக்கு 1976-இல் ஒரு கட்டுரையிலே விடையிறுத்தார். புதுச்சொல் புனைந்து ஆங்கிலத்தைச் சிதைக்க ஒருப்படேன் என்றார். பத்தாண்டு கடந்தபின், அதே கட்டுரைக்குத் தாமே மறுப்புரை எழுதிச் சேர்த்தார். இடையிலே, 1975-இல், அதே கோளைப் பற்றிய தம் பழைய சிறுகதையொன்றைத் திருத்தி, மாந்தர் அனைவரையும் பெண்பாலிலே நடக்கவிட்டு, ‘மன்னர்’ போன்ற சில பட்டங்களை மட்டும் ஆண்பாலிலேயே விட்டுவைத்தார். 2013-இல் ஆன் லெக்கி, ‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ என்னும் புதினத்தில், எதிர்ப்படும் எவரையும் ‘அவள்’ என்றே கதைசொல்லி குறிக்கும்படி எழுதினார். அடுத்த ஆண்டு ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பரிசுகளும் அதற்குக் கிடைத்தன. ஆண்பால் பொதுச்சொல்லானால் எவரும் திடுக்கிடுவதில்லை. பெண்பால் பொதுவானால் பக்கத்துக்குப் பக்கம் திடுக்கிடுகிறோம். அந்தத் திடுக்கீட்டைத் தந்ததே அந்நூலின் பெரும்பயன் என்பேன்.

தமிழிலே இத்தகைய கதை எழுதப் புகுவோர்க்குத் தொல்லை இன்னும் அதிகம். ஆங்கிலத்திலே பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இங்கே, வினைமுற்றின் வாலிலேயே பால் குந்தியிருக்கிறது! ஓடினான், ஓடினாள், ஓடிற்று. வாயை மூடினாலன்றித் தப்ப வழியில்லை.

தொல்காப்பியர் இதனை எண்ணாமல் விட்டாரில்லை. ஆண்மை திரிந்தவரைச் சுட்டும் பெயரையும், தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் ஒரே நூற்பாவில் நிறுத்தி, இவற்றுக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணையின் ஈறுகளையே கொள்ளும் என்கிறார். பின்வந்த நன்னூல், பேடு என்போருக்கு அஃறிணை முடிபும் பொருந்தும் என்று வாயிலைத் திறந்துவிட்டது. தெய்வத்தை அவனென்றும், அவளென்றும், அதுவென்றும் பாடிப் பாடிப் பழகிய நாக்கு இது. இல்லாத ஒன்றுக்கு மூன்று இருக்கை. இருக்கும் மனிதருக்கோ தொழுவத்து ஓரம்! (திருநங்கையரை இங்கே நான் குறிக்கவில்லை, தம்மைப் பெண்ணென்று உணர்ந்து கூறுவோரைப் பெண்பாலில் குறிப்பதே முறை. அதிலே வழக்குக்கு இடமில்லை.)

‘குழந்தை சிரித்தது’ என்கிறோமே, அதிலே இழிவு உண்டா எனக் கேட்பர். இல்லைதான். ஆனால் வளர்ந்த ஒருவரை ‘அது வந்தது’ என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

எஞ்சியது ‘அவர்’. பலர்பாலுக்கு உரிய சொல். மரியாதை கருதி ஒருவருக்கும் ஆயிற்று. பாலைக் காட்டாது. ஆயினும், வேறொன்றைக் காட்டிவிடும்: தகுதியை. பேச்சு வழக்கிலே ஆணை ‘அவரு’ என்றும், பெண்ணை ‘அவங்க’ என்றும் சொல்லும் ஊர்கள் பலவாதலால், எழுத்திலே ‘அவர்’ கண்டதும் ஆணையே நினைப்பாரும் உண்டு.

என் வகுப்பிலே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், பால் வேற்றுமையற்ற ஊர் ஒன்றைப் பற்றிக் கதை எழுதியிருந்தார். ஆடு மேய்க்கும் பிள்ளை ஒன்று. அந்த ஊர் மன்னர் ஒருவர். இருவருக்கும் ‘அவர்’தான். ஏட்டைப் பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர் மன்னரின் ‘அவரை’த் தொடவில்லை. ஆடு மேய்ப்பவரின் ‘அவரை’ மட்டும் வரிக்கு வரி சிவப்பு மையால் அடித்து, “ஆடு மேய்க்கிற பயலுக்கு ‘அவர்’ எதற்கம்மா?” என்றார். பால் பற்றிய ஐயம் அவருக்கு எழவே இல்லை. ‘பயல்’ என்ற ஒரே சொல்லில் ஆணாகவும் ஆக்கிவிட்டார், கீழாகவும் ஆக்கிவிட்டார். மிராசுதாரர் வந்தார், பண்ணையாள் வந்தான் என்று எழுதி எழுதிப் பழகிய கை அல்லவா! பண்ணையாளுக்கு அறுபது வயது, மிராசுதாரருக்கு முப்பது என்றாலும் விகுதி மாறியதில்லை. சுயமரியாதை இயக்கம் 1925-இல் தொடங்கியது. அந்த ‘ஆன்’ விகுதி நம் கதைகளிலே இன்றும் கைகட்டி நின்றுகொண்டிருக்கிறது.

மாணவி அஞ்சவில்லை. “அது என்றால் ஆடாகிவிடும், ஐயா, அவன் என்றால் ஆணாகிவிடும். அவர் என்றால்தான் ஆளாக இருக்கும்” என்றார்.

சிவப்பு மைக்கு மேலே நீல மையால் நான் மீண்டும் ‘அவர்’ எழுதிக் கொடுத்தேன். ஒரு குறை மட்டும் எனக்கும் பட்டது. மன்னரும் மேய்ப்பரும் கடுஞ்சொல் பரிமாறும் கட்டத்திலே, ‘அவர் சீறினார், இவர் சினந்தார்’ என்று வருவது, சினத்துக்குச் சந்தனம் பூசியதுபோல் குளிர்ந்துகிடந்தது. சொன்னேன். மறுவாரம் அக்கட்டம் முழுவதையும் உரையாடலாக மாற்றிக் கொண்டுவந்தார். ‘நான்’, ‘நீ’ இரண்டுக்கும் தமிழிலே பால் இல்லை. ‘வருகிறேன்’, ‘வருகிறாய்’ என்பவற்றுக்கும் இல்லை. மன்னர் ‘நீ’ என்கிறார். மேய்ப்பரும் ‘நீ’ என்றே திருப்பிக் கேட்கிறார்.