இரும்பைத் தின்னும் வெந்நீர்

ஜப்பானின் குசாட்சு வெந்நீர் ஊற்றில் ஓர் இரும்பு ஆணியைக் கட்டித் தொங்கவிட்டால் பத்து நாளில் கரைந்துவிடும் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அலுமினியத்தில் அடித்த 1 யென் நாணயம் ஒரு வாரம் தாங்கினால் அதிகம். நீரின் பி.எச். அளவு 2.1, கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. பெரும்பாலான கிருமிகள் இதில் பிழைப்பதில்லை. அதனால்தான் பல நூற்றாண்டுகளாகத் தோல்நோய்க்காரர்கள் இந்த மலைக்கு ஏறி வந்தார்கள். 1876இல் ஜப்பானுக்கு மருத்துவம் கற்பிக்க வந்த ஜெர்மானியர் எர்வின் பெல்ஸ் இந்த நீரைப் புகழ்ந்து எழுதியதை ஊர் இன்னும் மறக்கவில்லை, சிலை வைத்திருக்கிறது. எனக்கு நோய் எதுவும் இல்லை. இரும்பையே தின்னும் நீரை வைத்து ஓர் ஊர் எப்படிப் பிழைப்பு நடத்துகிறது, அதில் கை வைக்கிறவர்கள் யார் என்று பார்க்கத்தான் போனேன்.

குன்மா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம். ஜனவரி. ரயில் நிலையத்திலிருந்து பேருந்து மேலே ஏற ஏற, சாலையோரப் பனி ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது.

ஊரின் நடுவில் யுபதாகே. வெந்நீர் வயல் என்று பொருள். நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர் ஊற்றெடுத்து, பக்கம் பக்கமாகக் கிடத்திய ஏழு மரவாய்க்கால்கள் வழியே ஓடி, கடைசியில் பச்சை அருவியாக விழுகிறது. சுற்றியுள்ள நடைபாதையை 1975இல் வடிவமைத்தவர் ஓவியர் தாரோ ஒகமோத்தோ. சுற்றுலாப் பயணிகள் ஆவியைப் படம் எடுக்கிறார்கள். எனக்கு வாய்க்கால்களை விட்டு வர மனமில்லை. குளிக்க முடியாத சூட்டில் வரும் நீர், பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் சேராமல் இந்த மரத்தின் மேல் ஓடியே ஆறுகிறது. ஓடும் வழியில் கந்தகம் படிகிறது. அந்தப் படிவை அவ்வப்போது ஆட்கள் இறங்கிச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, குளியல் பொடியாக விற்கிறார்கள். இரும்பு நிற்காத இடத்தில் மரம் நிற்கிறது. அதற்கும் ஆயுள் உண்டு. மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்துக் கூடத்தில் யுமோமி காட்டுகிறார்கள். ஆறடிப் பலகையைத் தொட்டிக்குள் செங்குத்தாக விட்டு, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வெந்நீரைப் புரட்டுவது. நீர் கலந்தால் மருந்து நீர்த்துவிடும் என்பதற்காக வந்த முறை இது. முன்பெல்லாம் நோயாளிகளே வரிசையாக நின்று பாட்டோடு புரட்டி, தலையில் மொண்டு ஊற்றிக்கொண்டு, தலைவர் குரல் கொடுத்ததும் 48 டிகிரி நீரில் மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்தார்களாம். இப்போது கிமோனோ கட்டிய பெண்கள் கட்டணம் கொடுத்தவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். மேடைக்கு வந்துவிட்ட தொழில் என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் முன்வரிசைப் பெண்ணின் உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. பார்வையாளர்களுக்கும் பலகை தருகிறார்கள். கொஞ்சம் புரட்டியதுமே எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

நான் தங்கியது பழைய மரவிடுதி. அதன் குளியலறைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் விடியுமுன் வந்துவிடுவார். தொட்டியை வடித்து, தரையைத் தேய்த்து, மறுபடி நிரப்புவார். நிரம்பிய பின்தான் அவருடைய உண்மையான வேலை. வாய்க்கால் வாயில் துணி சுற்றிய ஒரு மரக்கட்டை செருகியிருக்கிறது. அதை விரற்கடை அளவு உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும்தான் அது. வரத்து கூடினால் சூடு கூடும், குறைந்தால் ஆறும். வெட்டவெளித் தொட்டியில் காற்று வீசும் இரவுக்கு ஓர் அளவு, சத்தமில்லாமல் பனி கொட்டும் இரவுக்கு வேறு அளவு. 42 டிகிரியைத் தாண்டினால் விருந்தினர் முணுமுணுப்பார்கள். 40க்குக் கீழே போனால் ஏறவே மாட்டார்கள், சளி பிடிக்கும்.

ஒவ்வொரு தடவையும் வெப்பமானியை விட்டுப் பார்த்து, தொங்கும் நோட்டில் எழுதினார். இத்தனை வருட அனுபவத்துக்குக் கை போதாதா என்று விடுதிக்காரம்மா மூலம் கேட்டேன். "குளிரில் விறைத்த கைக்கு எல்லா நீரும் கொதிநீர்தான்" என்றார். கோடையில் கையை நம்புவாராம்.

அறைக்கு வந்த பணிப்பெண் நேபாளத்துக்காரி. இருபத்து மூன்று வயதிருக்கும். என் அரைகுறை இந்தியைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "தீதீ" (அக்கா) என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். முதலில் சொன்னது என் கால் விரலைப் பார்த்து: "வெள்ளியைக் கழற்றி வையுங்கள் தீதீ, கரியாகிவிடும். தங்கம் இருக்கட்டும்." மெட்டியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்தேன். கழற்றாத கொலுசு மறுநாளே கறுத்திருந்தது. டி.வி., குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இங்கே சீக்கிரம் பழுதாகும் என்றாள். காற்றில் இருக்கும் கந்தக வாயு உள்ளே போய்ச் செம்பைத் தின்றுவிடுகிறது.

நகாய் என்று சொல்லும் இந்த வேலை நாளை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. காலை ஆறரைக்குச் சாப்பாட்டுத் தட்டுகளோடு தொடங்கி, பத்தரைக்கு விடுவார்கள். மறுபடி மூன்று மணிக்கு வந்தால் ஒன்பது தாண்டும். நடுவில் உள்ள நேரம் அவளுடையதுதான், ஆனால் பனியில் எங்கே போவது? தூங்குகிறாள். கதவுக்கு வெளியே மண்டியிட்டு, இரண்டு தடவையாகத் தள்ளித் திறந்து, குனிந்து, பாய்விரிப்பின் ஓரத்தை மிதிக்காமல் உள்ளே வர வேண்டும். கூடத்தில் நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் மெத்தைகள் விரித்தாக வேண்டும். ஓர் இரவில் எத்தனை தடவை மண்டியிடுவாய் என்று கேட்டேன். சிரித்தாள், எண்ணினால் முழங்கால் வலிக்குமாம்.

இந்தப் பணிவைப் பண்பாடு என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் ஊர் இளைஞர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் விசாவில் அடங்கும் தொழில்களில் விடுதித் தொழிலும் ஒன்று. மொழித் தேர்வும் தொழில் தேர்வும் எழுதி வெளிநாட்டவர் வரலாம். இவளும் அப்படி வந்தவள்தான். ஜப்பானிய மரபு என்று நாம் காசு கொடுத்து அனுபவிப்பதில் ஒரு பங்கை இப்போது மனப்பாடம் செய்து வைத்திருப்பது நேபாளத்துப் பெண். அவள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

கிளம்புகிற அன்று ஊருக்குக் கீழே யுகாவா ஆற்றைப் பார்க்கப் போனேன். குளித்த நீர், குளிக்காத நீர் எல்லாம் அங்கேதான் சேர்கிறது. ஒரு காலத்தில் இது போய்ச் சேரும் அகட்சுமா ஆற்றில் மீன் கிடையாது, வயலுக்குப் பாய்ச்ச முடியாது, பாலத்தின் சிமெண்டுத் தூண்கூட அரித்துப்போகும். 1964 முதல் இங்கே சுண்ணாம்புப் பாலை ஆற்றில் ஊற்றி அமிலத்தை முறிக்கிறார்கள். குழாய் வாயிலிருந்து வெள்ளையாக விழுந்து, கொஞ்ச தூரம் வரை ஆறே பால் நிறத்தில் ஓடுகிறது. இரவு பகல், வருடம் முழுக்க. நிறுத்தினால் ஆறு பழையபடி ஆகிவிடும். முறிந்த அமிலமும் சுண்ணாம்பும் சேறாகிக் கீழே ஷினாகி அணையில் படிகின்றன. அந்தச் சேற்றையும் தோண்டி, நீரைப் பிழிந்து, மலைமேல் கொண்டுபோய்ப் புதைக்கிறார்கள். விடுதி ரசீதில் நீராட்டு வரி என்று 150 யென் தனியாக இருந்தது. அது நகராட்சிக்குப் போவது. சுண்ணாம்புச் செலவு நடுவண் அரசின் கணக்கில்.